இது எதை எண்ணினது?

மிஸ் வந்த முதல் கிழமையே கன்டீன்காரரோடு கொழுவிக்கொண்டார்.

"என்ட வடைய எல்லாரும் நல்லம் எண்டுதான் செல்றாங்க மிஸ்" என்றார் கன்டீன்காரர்.

"எல்லாரும் எண்டா ஆரு?"

"வாங்கித் தின்ற ஆக்கள்."

"வாங்காமப் போறவனிட்ட கேட்டீங்களா?"

"வாங்காமப் போறவன் எனக்கு ஏன் மிஸ்? அவன் ஒங்கட ஆள்."

மிஸ் சிரித்தார். வடையையும் வாங்கினார். பாதி தின்றபடி வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "ஒரு நாளைக்கு எத்தின பேர் வாங்காமப் போறாங்க எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்களேன்" என்றார். கன்டீன்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். கீழே மூன்று மண்டபம், மேலே இரண்டு. அறபு, கணக்கியல், விவசாயம், தாதியர், உல்லாசப் பயணம் என்று ஐந்து படிப்பு. ஐந்துக்கும் பொதுவாக ஒரு பாடம் வைத்தார்கள். எண்வழிச் சிந்தனை என்று நேர அட்டவணையில் போட்டிருந்தது. பிள்ளைகள் எண் பாடம் என்றார்கள். அதைப் படிப்பிக்க வந்தவர் மிஸ். சம்மாந்துறையிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். என்னைவிட வயதில் இளையவர். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பார்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். தோணியில் மீனுக்குப் போனேன். முதுகு போனபிறகு இந்த வேலை கிடைத்தது. மண்டபம் திறப்பது, மூடுவது, படம் காட்டுகிற மெசினைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது, வரவுத் தாளை எடுத்து ஒஃபிசில் கொடுப்பது.

மிஸ்ஸிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எந்த இலக்கத்தைக் கண்டாலும் அதைக் கேட்பார். "இது எதை எண்ணினது?" வகுப்பில் கேட்பார். விறாந்தையில் கேட்பார். ஒரு மண்டபத்திலிருந்து மற்ற மண்டபத்துக்குப் போகிற ஐந்து நிமிடத்திலும் கேட்பார். மெசினோடு நான் பின்னால் ஓடுவேன்.

விவசாய வகுப்பில் ஒரு பிள்ளை, தங்கள் வயல் வட்டையில் ஏக்கருக்கு இவ்வளவு மூடை என்று ஒரு கணக்குச் சொன்னான்.

"எந்த இடத்துல வெட்டிப் பார்த்த?"

"வாய்க்கால் ஓரத்துல மிஸ்."

"ஏன் அங்க?"

"அங்கதான் ரோட்டுக்குக் கிட்ட."

"அப்ப நீ எண்ணினது வெள்ளாமையயா, ரோட்டயா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த கிழமை வட்டையின் கடைசி வரம்புவரை நடந்துபோய் வெட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முன்பு சொன்னதைவிடக் குறைவு. அவனுடைய வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அறபுப் பிள்ளைகள்தான் முதலில் முரண்டு பிடித்தவர்கள். எங்களுக்குக் கணக்கு வராது, நாங்கள் அதை விட்டுத்தான் இங்கே வந்தோம் என்றார்கள். மிஸ், ஒருவர் மௌத்தாகிவிட்டார், மனைவி, இரண்டு பெண்மக்கள், உம்மா, வாப்பா இருக்கிறார்கள், பங்கு பிரியுங்கள் என்றார். ஒரு நிமிடம் ஆகவில்லை. எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று, ஆறில் ஒன்று என்று மளமளவென்று சொன்னார்கள்.

"இனிக் கூட்டுங்க."

கூட்டினார்கள். இருபத்துநாலில் இருபத்தேழு வந்தது.

"இருக்கிறது இருபத்துநாலு. குடுக்கிறது இருபத்தேழு. எப்பிடி?"

பின்வரிசையில் ஒரு மெலிந்த பிள்ளை எழும்பியது. "அப்பிடி வந்தா இருபத்தேழாப் பிரிக்கிற மிஸ். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் கொறைச்சி எடுக்கிற. அது மதரஸாவுல ஓதித் தந்தது."

மிஸ் வெண்கட்டியை வைத்துவிட்டு அந்தப் பிள்ளையின் மேசைக்கே போய்விட்டார். "இத செல்லத் தெரிஞ்ச நீங்களா கணக்கு வராது எண்டு சென்னது? ஒங்களுக்குப் பயம் இலக்கத்துல இல்ல. என்னிலதான்." அந்தக் கிழமை முழுக்க மற்ற நான்கு வகுப்பிலும் அந்த இருபத்தேழைத்தான் கதைத்துக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் படியில் வைத்து என்னையும் பிடித்தார்.

"காக்கா, கடலுக்குப் போன காலத்துல எத்தின நாள் நல்லா மீன் பட்டிச்சி?"

"நிறைய நாள் மிஸ்."

"படாத நாள்?"

யோசித்தேன். "மீன் பட்ட நாள்தான் நினைவுல இரிக்கி."

மிஸ் படியிலேயே நின்றுவிட்டார். பிறகு ஓடினார். அன்றைக்கு ஐந்து மண்டபத்திலும் கரும்பலகையில் முதல் வரி அதுதான். மீன் பட்ட நாள்தான் நினைவில் இருக்கும். கீழே, கல்லூரிக் காக்கா சொன்னது என்று எழுதியிருந்தார். அழிக்கிற வேலையும் என்னுடையதுதான். அழிக்க ஒரு மாதிரியாக இருந்தது.

ஆனால் ஆளோடு இருப்பது லேசில்லை. ஒரு சொல்லைச் சும்மா விடமாட்டார். நல்ல கூட்டம் என்றால், எத்தனை பேர் என்பார். எல்லாப் பிள்ளைகளுக்கும் விளங்கிவிட்டது என்றால், யாரிடம் கேட்டீங்க என்பார். மற்ற ஆசிரியர்கள் அவரைக் கண்டால் கதையைக் குறைத்தார்கள். எனக்கும் அந்தக் கேள்வி நோய்போலத் தொற்றியது. ஜும்ஆவில் மௌலவி, ஊரில் முக்கால்வாசிப் பேர் சுபஹு தொழுவதில்லை என்றார். எண்ணினது யார் என்று மனசு கேட்டது. பள்ளிக்குள் இருந்துகொண்டு இப்படி நினைக்கலாமா என்று பாவமன்னிப்புத் தேடினேன். கேள்வி போகவில்லை.

வீட்டிலும் ஒருநாள் கேட்டுவிட்டேன். எப்போதும் பிந்தித்தான் வருகிறேன் என்று மனைவி ஏசினாள். இந்தக் கிழமை எத்தனை நாள் பிந்தினேன் என்றேன்.

"இது என்ட ஊடு" என்றாள். "கேள்வி கேக்கிற ஆக்கள் அவங்கட உம்மாட ஊட்ட போய்க் கேளுங்க."

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருடம் நோன்பு மாதம் வந்தது. முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. கல்லூரிக்கு இல்லை. எட்டு மணி வகுப்பை ஏழரைக்கு மாற்றினார்கள். நோன்பாளிகள் வெயிலுக்கு முன் வீட்டுக்குப் போகட்டும் என்று.

வரவுத் தாளுக்கு ஒரு சட்டம் இருந்தது. வகுப்பு தொடங்கும்போது முன்மேசையில் வைக்க வேண்டும். கால் மணித்தியாலம் கழித்து எடுக்க வேண்டும். பிந்தி வருகிறவருக்கு ஒப்பம் இல்லை. அந்த மாதம் எடுக்க வேண்டிய நேரம் ஏழே முக்கால். எடுத்த நேரத்தைத் தாளின் மூலையில் நான் எழுத வேண்டும்.

மண்டபம் ஐந்து. ஆள் ஒன்று. ஐந்திலும் ஏழே முக்காலுக்கு எடுக்க யாராலும் ஏலாது. நான் வாசலுக்குக் கிட்ட உள்ள மண்டபத்தில் முந்தியே தொடங்குவேன். பிறகு மற்ற இரண்டு, பிறகு படி ஏறி மேலே. ஐந்து தாளிலும் 7.45 என்று எழுதுவேன். ஒஃபிசில் யாரும் கேட்டதில்லை. அது பிழை என்றுகூட எனக்குப் படவில்லை. எட்டு மணி வகுப்பிலும் அப்படித்தான் செய்தேன்.

வாசலுக்குக் கிட்ட உள்ளது உல்லாசப் பயண வகுப்பு. அதில் பொத்துவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பிள்ளை ஒன்று இருந்தது. மற்றத் தூரத்துப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கினார்கள். அந்தப் பிள்ளையின் வாப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை. ஸஹர் சாப்பாடு முடித்து, சுபஹு தொழுதுவிட்டு முதல் பஸ் ஏறும். பஸ் வந்து நிற்கும்போது ஏழு நாற்பது ஆகும். ஓடி வரும். தாள் என் கையில் இருக்கும்.

"காக்கா, ஒரு ஒப்பம்" என்று இரண்டு மூன்று நாள் கேட்டது.

"எடுத்தா எடுத்ததுதான்" என்றேன். என்னிடம் ஒரு ஒப்பம் கள்ளமாக வாங்க ஏலாது என்று எனக்குப் பெருமை இருந்தது. பிறகு அது கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகும்.

பெருநாள் முடிந்து மூன்றாம் கிழமை அந்தப் பிள்ளையின் வாப்பா வந்தார். கடலுக்குப் போகிறவர். சாரத்துக்கு மேலே புதுச் சேட் போட்டிருந்தார். கையில் கல்லூரிக் கடிதம். வாசிக்க வராது என்று என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன். உங்கள் மகளின் வரவு போதாது, பரீட்சை எழுத ஏலாது, வராத நாட்கள் இவை என்று கீழே திகதிகள். எல்லாம் நோன்பு மாதத்து நாட்கள். ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் நான் எடுத்த தாள்.

அவர் சொன்னார்.

"பரீட்சை கிடக்கட்டும் தம்பி. இந்த நாளெல்லாம் நான்தான் பஸ்ஸில ஏத்தி விட்ட. ஊட்டுல இருந்து வந்த பொம்புளப்புள்ள இங்க வரல்ல எண்டா, எங்க போன?"

நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். ஒஃபிசைக் காட்டினேன். ஒஃபிசில் அவருக்கு என்ன சொன்னார்கள் என்று தெரியாது. திரும்பிப் போகும்போது என்னைப் பார்க்காமல் வாசலைக் கடந்து போனார்.

மறுநாள் அந்தப் பிள்ளை வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து கூட வந்த சிநேகிதிதான் சொன்னாள். வீட்டில் வைத்திருக்கிறார்கள். வாப்பா கேட்டதற்கு அது, வகுப்புக்குத்தான் போனேன் என்று சொன்னதாம். கடிதத்தில் இல்லை என்றிருக்கிறது. அடிக்கவில்லை. கதைக்கிறதை நிறுத்திவிட்டார்.

நான் மிஸ்ஸிடம் போனேன். விறாந்தையில் நடந்துகொண்டிருந்தார். நடந்துகொண்டே கேட்டார். முழுவதும் கேட்டபிறகு நின்றார்.

"அந்த மாசம் அங்க ரெண்டாம் பாடம் ஒவ்வொரு நாளும் என்ட. அது என்ட வகுப்புல இருந்த காக்கா. கேள்விக்குத் திகதி போட்டு விடை எழுதித் தந்த துண்டெல்லாம் என்னிட்ட இரிக்கி." பிறகு, "அந்தத் தாள் எதை எண்ணினது?"

"வந்த புள்ளைகள."

"வந்த புள்ளைகளையா?"

நான் நிலத்தைப் பார்த்தேன். "நான் வந்த நேரத்துக்கு முந்தி வந்த புள்ளைகள" என்றேன். ஐந்து மண்டபத்தையும் படியையும் சொன்னேன். ஏழே முக்கால் என்று எழுதியதையும் சொன்னேன்.

மிஸ் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லம்.

"பழைய தாளெல்லாம் ஒஃபிஸ் அலுமாரியில இரிக்கி மிஸ்" என்றேன். "திறப்பு என்னிட்ட. அந்தப் புள்ளட இடத்துல ஒப்பத்த வச்சி விட்டா ஆருக்கும் தெரியா."

"ஒரு பொய் கடிதத்துல போய்ட்டு. அதுக்கு மேல இன்னொரு பொய்ய வச்சா, அந்தப் புள்ள ரெண்டு பொய்யத் தூக்கிட்டுத் திரியணும். நீங்க வந்து செல்லணும்."

"டிரெக்டர் சேருக்கு முன்னாலயா?"

"ஓம்."

"வேல போகும் மிஸ்."

"போகலாம். போகாது எண்டு செல்ல எனக்கு ஏலா."

"எனக்கு மூணு புள்ள."

"ஓம்" என்றார். வகுப்புக்கு மணி அடித்தது. மெசினை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

ஆறு நாள் காலையில் மிஸ் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றார். அங்குமிங்கும் நடந்துகொண்டு, பஸ் வரும் நேரத்தைக் கொப்பியில் எழுதினார். அந்த ஆறு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ளட உம்மா இப்ப என்ன நெனச்சிட்டு இருப்பாவோ" என்றாள். மீனைத் திருப்பிப் போட்டாள். "போய்ச் செல்லுங்க. வேலய அல்லாஹ் பார்ப்பான்."

டிரெக்டர் சேரின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மிஸ் சுவரோரம் நின்றார். நான் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"எத்தின நிமிசம் முந்தி எடுத்த?" என்றார் டிரெக்டர் சேர்.

"தெரியா சேர். மணி பார்க்கல்ல."

"மணி பார்க்காமத்தான் ஏழே முக்கால் எண்டு எழுதினயா?"

"ஓம் சேர்."

அவர் மற்ற இருவரையும் பார்த்துச் சிரித்தார். "மணி பார்க்காத ஆள்ட கதைய வச்சி நான் என்ன செய்ற?"

"அதே ஆள்ட தாள வச்சித்தானே சேர்" என்றார் மிஸ், "அந்த வாப்பாக்குக் கடிதம் போட்டீங்க."

மிஸ், பஸ் ஆறு நாளும் ஏழே முக்காலுக்கு முந்தி வந்ததை எழுதிய கொப்பியையும், பிள்ளை எழுதிய துண்டுகளையும் மேசையில் வைத்தார். ஒருவர் எடுத்துப் பார்த்தார். டிரெக்டர் சேர் பார்க்கவில்லை.

அந்த மண்டபத்தின் நோன்பு மாதத் தாள்களைக் கணக்கில் எடுப்பதில்லை என்று முடிந்தது. பிள்ளைகளின் பெயர்களை மிஸ்ஸின் துண்டுகளை வைத்துத் திருப்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் புதுக் கடிதம் போனது. அதிலும் மிஸ் விடாப்பிடியாக நின்றார். வரவு சரி என்று மட்டும் எழுதினால் போதாது. உங்கள் மகள் வந்திருந்தார், தாளை முந்தி எடுத்தது எங்கள் பிழை என்று எழுத வேண்டும் என்றார். அப்படியே எழுதினார்கள். நான்காம் நாள் அந்தப் பிள்ளை வந்தது. என்னைப் பார்த்து ஸலாம் சொன்னது. நான் சொன்ன ஸலாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

எனக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் தந்து வாசலுக்கு மாற்றினார்கள். மண்டபத் திறப்புக் கொத்தை வாங்கிக்கொண்டார்கள். வாசலில் ஒரு சிறிய அறை, ஒரு மேசை, சுவரில் ஒரு மணிக்கூடு. வருகிறவர் போகிறவரின் நேரத்தை எழுதுகிற வேலை. மணி பார்த்து எழுதினேன். ஒவ்வொரு காலையும் மிஸ் ஸ்கூட்டியை நிறுத்துவார்.

"இன்டைக்கு எத்தின பேர் பிந்தி, காக்கா?"

"ஏழு."

"அதுல பஸ்ஸில வந்தது?"

"நாலு."

தலையாட்டிவிட்டுப் போவார். அந்தக் கேள்விக்காக நான் காலையிலிருந்தே இரண்டு தரம் எண்ணி வைத்திருப்பேன்.

பரீட்சை நாள். எட்டு மணிக்குத் தொடக்கம். எட்டரைக்குப் பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பிந்தி வருகிறவர் வாசலில் நேரம் எழுதின சீட்டு வாங்கிப்போய் மண்டபத்தில் கொடுக்க வேண்டும். சீட்டு எழுதுகிறவன் நான்.

எட்டு மணிக்கு அந்தப் பிள்ளை வரவில்லை. எட்டேகாலுக்கும் இல்லை. மிஸ் வாசலுக்கு வந்தார். ரோட்டுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். "பஸ்ஸுக்கு என்னவோ" என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரை ஆனது. முள் தாண்டியது.

பிறகு பஸ் வந்தது. பிள்ளை இறங்கி ஓடி வந்தது. டயர் போனது என்று சொல்ல வந்தது, மூச்சு வாங்கியதில் சொல்லி முடிக்கவில்லை. மணிக்கூட்டில் எட்டு முப்பத்துநாலு.

நான் சீட்டை எடுத்தேன். 8.28 என்று எழுதினேன். ஒப்பம் வைத்தேன்.

பிள்ளையின் கைக்குப் போகமுன் மிஸ் அதை வாங்கினார். வாசித்தார். தலையை நிமிர்த்திச் சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். நான் எழும்பி நின்றேன். கேட்பார் என்று இருந்தேன்.

"ஓடு மகள்" என்று சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்தார்.

பிள்ளை ஓடியது. உள்ளே விட்டார்கள். எழுதியது, பாஸானது. இப்போது அறுகம்பேயில் ஒரு தங்குமிடத்தில் வேலை செய்கிறது. வாப்பாவே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார் என்று கேள்வி.

மிஸ் அன்றைக்கு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போனார்.

அடுத்த நாள் காலை ஸ்கூட்டி வந்தது. நான் எண்ணி வைத்திருந்தேன். ஐந்து பேர் பிந்தி, அதில் மூன்று பஸ். மிஸ் ஸலாம் சொன்னார். நிற்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். வருட முடிவில் வேறு இடத்துக்கு வேலை கிடைத்துப் போகும்வரை தினமும் ஸலாம் சொன்னார், முகம் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் என்னிடம் ஒரு இலக்கத்தையும் பிறகு கேட்கவில்லை.

நம்பியதால் கேட்கவில்லையா, நம்ப ஏலாமல் போனதால் கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது.